20 கிலோ குலை பஞ்சு மூட்டை மாதிரி தெரியுது, எங்க தப்பு?

லயத்துப்பையன் | சுங்கை சிப்புட்

வணக்கம். அடுத்த மாசம் ஆன்லைன்ல எட்டு வார 3டி அனிமேஷன் உடலசைவு வகுப்பு ஆரம்பம். சினிமா ஸ்டூடியோ அனிமேட்டர் ஒருத்தர் வாரம் ஒரு தடவை ஷாட்டைப் பார்த்துத் திருத்தம் சொல்வார். அதுக்குள்ள கையில இருக்கிற ஷாட்டை ஓரளவு ஒழுங்கா ஆக்கணும்.

ஷாட் இதுதான்: செம்பனைத் தோட்டம். ஒருத்தர் குனிஞ்சு குலையை ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சுத் தூக்கி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில போடுறார். மொத்தம் 120 ஃப்ரேம், 24 எஃப்பிஎஸ் (வினாடிக்கு 24 ஃப்ரேம்), பிளெண்டர் மென்பொருள், இலவச ரிக் (ஆட்டி வைக்கிற 3டி உடம்பு). 1–24 குனியிறார், 30ல பிடிக்கிறார், 32–50 தூக்குறார், 62ல கையை விடுறார், 76ல குலை வண்டியில விழுது. விடுற இடத்துக்கும் வண்டிக்கும் அரை மீட்டர்தான் இருக்கும்.

பிரச்சனைகள்: எடையே தெரியல. தூக்கும்போது முட்டி டக்குனு நேராகி ஒரு துள்ளு துள்ளுது. வலது மணிக்கட்டு 45ல ஒரு சுத்து சுத்திட்டு வருது. குலை கையில வழுக்குது. எதை முதல்ல திருத்தணும்? சினிமாக்காரர் வகுப்புன்னா பிளெண்டரை விட்டு மாயா மென்பொருளுக்கு மாறியே ஆகணுமா?

---

மாயாவி

மாயாவா பிளெண்டரா என்பதை முதலில் முடித்துவிடுவோம். வகுப்பு கொடுக்கும் ரிக் மாயா ரிக் என்றால் மாயா. இல்லையென்றால் பிளெண்டரிலேயே இருங்கள். எட்டு வாரத்தில் புது மென்பொருளையும் உடலசைவையும் ஒன்றாகப் படித்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும். மாணவராக இருந்தால் ஆட்டோடெஸ்கின் கல்வி உரிமம் இலவசம், பிறகு நிதானமாகப் பழகிக்கொள்ளலாம். திருத்துகிறவர் பார்க்கப்போவது வீடியோவைத்தான்.

இப்போது எடை. நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே தப்பு தெரிகிறது. அரை மீட்டர் விழ 14 ஃப்ரேம் எடுத்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு வினாடிக்கு வினாடி சுமார் 3 மீட்டர்தான் வருகிறது. பூமியில் 9.8, செவ்வாய் கிரகத்திலேயே 3.7. உங்கள் தொழிலாளி செவ்வாயையும் தாண்டி எங்கோ குலை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

24 எஃப்பிஎஸ்ஸில் ஒரு பொருள் சும்மா விழும்போது கடக்கும் தூரம் இது, மேசைக்கு மேல் ஒட்டி வையுங்கள்: 4 ஃப்ரேமில் 14 செ.மீ., 6ல் 31, 8ல் 54, 12ல் 123, 16ல் 218, 20ல் 340. ஆக உங்கள் குலை 62ல் கையை விட்டால் 70ல் வண்டியில் இருக்க வேண்டும். 20 கிலோ என்பதால் வேகமாக விழாது. 2 கிலோ குலையும் அதே 8 ஃப்ரேம்தான். எடை தெரிவது விழுந்த பிறகு.

கர்வின் (ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அசைவு மாறுவதைக் காட்டும் கோடு) வடிவமும் முக்கியம். அந்த 8 ஃப்ரேமில் முதல் பாதி தூரத்துக்கு ஐந்தரை ஃப்ரேமுக்கு மேல் போகும், மீதிப் பாதி கடைசி இரண்டரை ஃப்ரேமுக்குள் முடிந்துவிடும். அதனால் 62ல் ஹாண்டில் (கோட்டை வளைக்கும் பிடி) படுக்கையாக, 70ல் செங்குத்துக்குக் கிட்ட. இரண்டு முனையிலும் ஆட்டோ ஹாண்டிலை அப்படியே விட்டால் வண்டியைத் தொடுமுன் குலை பிரேக் பிடிக்கும். அதுதான் பஞ்சு மூட்டை.

70ல் குலை மோதியதும் வண்டி சும்மா நிற்கக் கூடாது. டயர் 1 ஃப்ரேமில் நசுங்கட்டும், வண்டித்தொட்டி 2 ஃப்ரேம் கீழே இறங்கட்டும், பிறகு 5, 6 ஃப்ரேமில் அடங்கட்டும். குலை பந்து மாதிரி எம்பாது. ஒரு சின்னப் புரளல், அவ்வளவே. நாலைந்து உதிரிப்பழம் 71ல் தெறித்தால் மோதலின் பலம் இன்னும் தெரியும்.

தூக்கும் இடம் தனிக்கதை. உங்கள் ஷாட்டில் 30ல் பிடி, 32ல் குலை ஏற ஆரம்பிக்கிறது. இரண்டே ஃப்ரேம். கனமான பொருள் அப்படிக் கிளம்பாது. முதலில் கை நீளும், முழங்கை மடிப்பு நேராகும், தோள்பட்டை 2, 3 செ.மீ. கீழே இழுபடும், இடுப்பு இன்னும் கொஞ்சம் இறங்கும், குதிகால் தரையில் அழுந்தும். இவ்வளவும் நடக்கும்போது குலை அசையவே கூடாது. இதற்கு 5 முதல் 7 ஃப்ரேம் கொடுங்கள். பார்க்கிறவர் மனசில் எடை ஏறுவது குலை மேலே போகும்போது இல்லை, போக மறுக்கும் அந்த ஆறு ஃப்ரேமில்தான்.

அடுத்து சமநிலை. ஆள் 60 கிலோ, குலை 20 கிலோ என்று வைப்போம். பாதத்தின் நடுவிலிருந்து குலை 45 செ.மீ. முன்னால் இருக்கிறது. 20 × 45 = 900. அதை 60ஆல் வகுத்தால் 15. அதாவது அவர் உடம்பின் எடைமையம் பாத நடுவிலிருந்து 15 செ.மீ. பின்னால் போனால்தான் கவிழாமல் நிற்பார். மேலுடம்பு முன்னால் வளைந்திருக்கும்போது இடுப்பு 15க்கும் மேலேயே பின்வாங்கும். குலையை நெஞ்சோடு இழுக்க இழுக்க இந்த எண் குறையும்: 25 செ.மீ.யில் இருந்தால் 8 போதும். உங்கள் இடுப்பு கர்வில் முன்பின் அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்ற இறக்கம் மட்டும் இருந்தால் ஆள் லிஃப்டில் போகிற மாதிரிதான் இருப்பார்.

---

கர்வ்_கணக்கு

எடையை மேலே சொல்லியாச்சு. நான் மத்த மூணுக்கு வர்றேன்.

முட்டித் துள்ளல்: ஐகே கால்ல (பாதத்தை ஓரிடத்துல வெச்சா முட்டி தானா மடங்கிற அமைப்பு) இடுப்பு ஏற ஏற முட்டி திறக்கும். கால் முழுசா நேராகிற கடைசி ஒண்ணு ரெண்டு செ.மீ.க்கு முட்டி ரொம்ப தூரம் ஓடணும், கோணக் கணக்கு அப்படி. அதனால இடுப்பு சீராப் போனாலும் முட்டி பாயும். இடுப்பை அந்த 2, 3 ஃப்ரேம்ல ஒரு செ.மீ. இறக்கி, கால் முழுசா நேராகாமப் பார்த்துக்கோங்க. நேராகியே ஆகணும்னா குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, நீளக் குறையை அங்க ஈடு கட்டுங்க. காலை நீட்டிச் சுருக்கிற ஸ்ட்ரெச் வசதி ரிக்ல இருந்தாலும் கடைசி ஆயுதமா மட்டும் வைங்க. அதை நம்பி இடுப்பைத் தப்பான உயரத்துல விட்டுடுவோம்.

மணிக்கட்டு: 45ல சுத்தினா ரெண்டு காரணம் இருக்கலாம். கர்வ் 170லருந்து -190க்குத் தாவியிருந்தா அது வெறும் எண் தாவல். கிராஃப் எடிட்டர்ல (கர்வைத் திருத்துற இடம்) ஆய்லர் ஃபில்டர் போட்டா நேராகிடும். ஃபில்டர் போட்டும் மூணு கர்வும் ஒரே இடத்துல கிறுக்குன மாதிரி இருந்தா அது கிம்பல் லாக். ஃபில்டர் அதுக்கு மருந்தில்ல.

ரொட்டேஷன் ஆர்டர்ல (மூணு அச்சும் சுத்துற வரிசை) நடுவுல இருக்கிற அச்சு 90 டிகிரிக்குக் கிட்டப் போனா மத்த ரெண்டு அச்சும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும், அதான் கிம்பல் லாக். அதனால விதி இது: இந்த ஷாட்ல எந்த அச்சு குறைவாச் சுத்தும்னு பாருங்க, அதை நடுவுல வைங்க. இடுப்புக்கு எப்பவும் இதுதான்னு ஒரு ஆர்டரை மனப்பாடம் பண்ணிச் சொல்றவங்க இருக்காங்க. நடக்கிற ஷாட்டுக்கு அது சரி. உங்க ஆள் இடுப்போட 80, 90 டிகிரி குனியிறார், அப்ப முன்குனியல் அச்சு நடுவுல இருந்தா மாட்டிக்குவீங்க. பக்கச் சாய்வு அச்சை நடுவுல வைங்க, அது 20ஐத் தாண்டாது. முதல் கீ (ஒரு ஃப்ரேம்ல போஸைப் பதியிறது) போடுறதுக்கு முன்னாடியே ஆர்டரை முடிவு பண்ணணும். பின்னால மாத்தினா எல்லாப் போஸும் உடைஞ்சிரும்.

குவாட்டர்னியன்ல (சுழற்சியை நாலு எண்ணாச் சொல்ற முறை) வைச்சா லாக் வராதுதான். ஆனா நாலு கர்வையும் பார்த்து எது குனியல் எது திரும்பல்னு படிக்க முடியாது. விரல், மணிக்கட்டுக்கு சரி. இடுப்பு, முதுகு, தலைக்கு ஆய்லர், அதாவது மூணு அச்சு முறை.

குலை வழுக்குறது: குலையைக் கைக்குப் பிள்ளையாக் கட்டியிருப்பீங்க, கை போற இடமெல்லாம் குலை போகும். ரெண்டு கை பிடிக்கிற பொருளுக்கு அது ஆகாது, ஒரு கை ஒட்டும், இன்னொண்ணு வழுக்கும். தலைகீழா மாத்துங்க: குலையை முதல்ல தனியா அனிமேட் பண்ணுங்க, ரெண்டு ஐகே கையையும் சைல்ட் ஆஃப் (ஒண்ணை இன்னொண்ணோட கட்டுற வசதி) போட்டுக் குலைக்குக் கட்டுங்க. அப்ப எடை எங்க போகுதோ கை அங்க வரும். கட்டுற ஃப்ரேம்ல இன்ஃப்ளுயன்ஸ் (கட்டோட பலம்) 29ல 0, 30ல 1, நடுவுல கான்ஸ்டன்ட் (மெல்ல மாறாம ஒரே தாவல்). ரெண்டு கீயையும் தள்ளி வெச்சு, பெசியரா (மெல்ல மாறுற மாதிரி) விட்டா பல ஃப்ரேமுக்குப் பாதிக் கட்டுல கை மிதக்கும். கட்டின ஃப்ரேம்ல கையோட இடத்துக்கும் ஒரு கீ வைக்க மறக்காதீங்க, இல்லன்னா ஒரு ஃப்ரேம் எங்கயோ போய்ட்டு வரும்.

---

பீடோர்_அக்கா

தம்பி, எல்லாரும் கர்வைப் பார்த்துட்டீங்க, குலையைப் பார்க்கலயே. செம்பனைக் குலையை யாரும் கட்டிப்பிடிச்சுத் தூக்க மாட்டாங்க. குலை முழுக்க முள்ளு. தோட்டத்துல முனை கூரான இரும்புக் கம்பியால குத்தித் தூக்குவாங்க, இல்லன்னா கையுறையோட காம்பைப் பிடிப்பாங்க. நெஞ்சோட அணைச்சா சட்டையும் போச்சு, தோலும் போச்சு. நம்ம ஊர்க்காரங்க இந்த ஷாட்டைப் பார்த்தா முதல்ல அதுக்குத்தான் சிரிப்பாங்க.

இது வெறும் விவரம் இல்ல, அசைவே மாறிடும். ஒரு கையில கம்பின்னா சுமை உடம்புக்கு ஒரு பக்கம். வலது கையில தூக்கினா இடுப்பு இடது பக்கம் தள்ளும், இடது தோள் ஏறாது, இறங்கும். இடது கை சமநிலைக்கு விலகும், இல்லன்னா இடது தொடைமேல ஊன்றும். தூக்கல் நேர்கோட்டுல இருக்காது. குத்தி, தன் பக்கம் இழுத்து, அந்த வேகத்துலயே ஒரு வளைவா வண்டிக்குள்ள வீசுவாங்க. ஒரு நாள் முழுக்கச் செய்றவங்க பலத்தை வீணாக்க மாட்டாங்க. தொழில் தெரிஞ்சவர் 16 ஃப்ரேம்ல முடிப்பார், புதுசா வந்தவர் 40 எடுத்துக்குவார். உங்க ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டு டைமிங் வைங்க.

ரெஃபரன்ஸ் வீடியோ (பார்த்து அனிமேட் பண்ண நீங்களே நடிக்கிறது) எடுக்கும்போது:

காலி அட்டைப்பெட்டியை வெச்சு நடிக்காதீங்க. உடம்பு பொய் சொல்லும், நீங்க அந்தப் பொய்யைக் காப்பி அடிப்பீங்க. 10 கிலோ அரிசி மூட்டை ரெண்டைச் சேர்த்துக் கட்டுங்க, இல்லன்னா 19 லிட்டர் தண்ணி பாட்டிலை நிரப்புங்க, ஏறக்குறைய அதே எடை. முட்டி மடக்கித் தூக்குங்க, முதுகு பத்திரம். எடுத்த பத்துல கடைசி மூணுதான் உதவும், அப்பத்தான் கேமரா இருக்குன்னு மறந்திருப்பீங்க.

போனை நாலைஞ்சு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்துல, ஸ்டாண்டுல வைங்க. கிட்ட வெச்சா முன்னால வர்ற கை பெருசாகி அளவெல்லாம் கெடும். ரெண்டு கோணம்: ஒண்ணு ஷாட்டோட கேமரா கோணம், ஒண்ணு நேர் பக்கவாட்டு.

போன் வீடியோவுல ஃப்ரேம் வேகம் நிலையா இருக்காது. அப்படியே உள்ள கொண்டுபோனா மூணாவது வினாடியில உங்க ஃப்ரேம் எண்ணும் வீடியோவும் ஒத்துப்போகாது. ஹேண்ட்பிரேக் மென்பொருள்ல நிலையான 24க்கு மாத்திட்டு உள்ள ஏத்துங்க.

தோட்டத்துல நிஜமா எடுக்கணும்னா மேனேஜர்கிட்டயும், வேலை செய்றவர்கிட்டயும் கேட்டுட்டு எடுங்க. உயரமான மரத்துல அறுவடை நடக்கிற நிரைக்குள்ள நிக்காதீங்க. ஆறு மீட்டர்லருந்து குலை விழ 27 ஃப்ரேம்தான், ஒரு வினாடியும் கொஞ்சமும். வ்யூஃபைண்டரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறவருக்கு அது பத்தாது.

---

லயத்துப்பையன்

அக்கா, கம்பி விஷயம் உறைக்குது. எங்க ஊர்ல இருந்துக்கிட்டே இதைக் கோட்டை விட்டுட்டேன். ஷாட்டை மாத்துறேன்: கம்பியால குத்தி, ஒரு வீச்சுல வண்டிக்குள்ள.

மறுபடி ஸ்டெப்ட்ல (போஸுக்குப் போஸ் தாவுற முறை) இருந்து ஆரம்பிக்கணுமா, இல்ல நேரா ஸ்ப்லைன்லயே (இடைவெளியைக் கம்ப்யூட்டர் நிரப்புற முறை) போகலாமா? போன தடவை ஸ்டெப்ட்ல பார்க்க நல்லா இருந்தது, ஸ்ப்லைன் ஆக்கினதும் எல்லாம் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி ஆயிடுச்சு.

---

கர்வ்_கணக்கு

அது எல்லாருக்கும் ஆகிறதுதான். காரணம், பிளாக்கிங்ல (முக்கிய போஸ் மட்டும் வைக்கிற கட்டம்) போஸுக்குப் போஸ் 8, 10 ஃப்ரேம் இடைவெளி விட்டிருப்பீங்க. ஸ்டெப்ட்ல அந்த இடைவெளியை நம்ம கண்ணே நிரப்பிக்கும். ஸ்ப்லைன்ல கம்ப்யூட்டர் நிரப்பும், அதுக்குத் தெரிஞ்சது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மிருதுவாப் போறதுதான்.

என் வழி: ஸ்டெப்ட்ல முக்கிய போஸ் ஆறோ ஏழோ. பிறகு இடைப்போஸ் போட்டு, எந்த இடத்துலயும் 4 ஃப்ரேமுக்கு மேல வெற்றிடம் இல்லாம ஆக்கணும். நிலையா நிக்கிற இடத்துல ஒரே போஸை ரெண்டு தடவை வைக்காம, ரெண்டாவதை அதே திசையில ஒரு நூல் தள்ளி வைங்க, அப்ப உறையாது. அதுக்கப்புறம்தான் ஸ்ப்லைன், அதுவும் மொத்தமா இல்ல. முதல்ல இடுப்பு மட்டும். மத்ததை மறைச்சுட்டு இடுப்பையே ஓட்டிப் பாருங்க. வெறும் இடுப்பைப் பார்த்தே 20 கிலோ தூக்குறார்னு தெரியணும். பிறகு முதுகு, தலை, கடைசியில கை.

---

மாயாவி

இதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. வீச்சு அசைவுக்கு ஸ்டெப்ட் அவ்வளவு உதவாது. நடிப்பு ஷாட்டுக்கு அது சரி. குத்தி, இழுத்து, வீசும் அசைவு ஒரே ஓட்டம். போஸாக வெட்டினால் வேகம் ஒவ்வொரு போஸிலும் நிற்கும். குலையையும் இடுப்பையும் முதல் நாளிலிருந்தே ஸ்ப்லைனில் வையுங்கள், உடம்பின் மற்றப் பகுதிக்குப் போஸ் போடுங்கள். குலைக்கு மோஷன் பாத் (போகும் பாதையை ஃப்ரேமுக்கு ஒரு புள்ளியாகக் காட்டும் வசதி) போட்டுப் பாருங்கள்: புள்ளிகள் ஒரே வளைவில் இருக்க வேண்டும், வளைவின் அடியில் நெருக்கமாகக் கிளம்பி, வீச்சில் விரிந்து, கம்பி விடுபடும் இடத்தில் மிக அகலமாக. நடுவில் ஒரு புள்ளி வரிசை தப்பியிருந்தால் அந்த ஃப்ரேமில்தான் கண் உறுத்தும்.

வகுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சினிமா அனிமேட்டரிடம் வாரத்துக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். "எப்படி இருக்கு" என்று கேட்டால் "நல்லா இருக்கு, இடுப்பைக் கவனி" என்று வரும், அதோடு நிமிடம் தீர்ந்துவிடும். "34லிருந்து 40 வரை குலை தரையை விட்டுக் கிளம்புகிறது, என் இடுப்பு தாமதமா சீக்கிரமா" என்று கேளுங்கள். வீடியோவில் ஃப்ரேம் எண்ணைப் பொறித்து, ரெஃபரன்ஸைப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். பிளெண்டர் ரெண்டர் அமைப்பில் மெட்டாடேட்டாவை (ஃப்ரேம் எண் போன்ற விவரத்தை) படத்தின் மேலேயே பதிக்கும் வசதி இருக்கிறது, ஃப்ரேமை மட்டும் டிக் செய்தால் போதும்.

திருத்தம் வந்ததும் அவர் சொன்ன வரிசையிலேயே செய்யாதீர்கள். "விரல் கொஞ்சம் தளர்வா" என்பதும் "எடை மாற்றம் இல்லை" என்பதும் ஒரே பட்டியலில் இருக்கும். எடை மாறினால் விரல் வேலை எல்லாம் குப்பைக்குப் போகும். கதை, போஸ், எடை, வளைவு, பிறகு மினுக்கல்: இந்த வரிசை. அவர் உங்கள் ஃப்ரேம்மேல் வரைந்து காட்டும் கோட்டை அப்படியே ரிக்கில் பதிக்கவும் வேண்டாம். அந்தக் கோடு எந்தக் குறையைச் சொல்கிறது என்று கண்டுபிடித்துப் பக்கத்து பத்து ஃப்ரேமிலும் அதையே தேடுங்கள்.

நேரக் கணக்கு: வகுப்பு கலிபோர்னியா நேரப்படி என்றால், அங்கே வியாழன் இரவு 7 என்பது மலேசியாவில் நமக்கு வெள்ளி காலை 10. நவம்பரின் முதல் ஞாயிறிலிருந்து மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு வரை காலை 11. நடுவில் மாறும் வாரத்தில்தான் பாதிப் பேர் வகுப்பைத் தவறவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர் என்றால் பதிவு கிடைக்குமா என்று சேருமுன் கேளுங்கள்.

---

பீடோர்_அக்கா

அடுத்த ஷாட் வசனத்தோட பண்ணப்போறீங்கன்னா ஒரு சேதி. உதட்டசைவுக்குக் கிடைக்கிற பட்டியலெல்லாம் ஆங்கில ஒலிக்குப் போட்டது. தமிழுக்கு "ப்ப", "ம்ம" மாதிரி மெய் இரட்டிப்பு இருக்கு. "அப்பா"ன்னு சொல்லும்போது உதடு மூடியே இருக்கும் நேரம், "அபாயம்"ல இருக்கிறதைவிட நல்லாவே நீளம். பின்னதுக்கு 2 ஃப்ரேம் மூடினா போதும், "அப்பா"வுக்கு 4 கொடுங்க. "அம்மா"வும் அதே. ஒரே ஃப்ரேம் மட்டும் மூடினா பார்க்கிறவர் கண்ணுல படாது, வாய் ஆடிக்கிட்டே இருக்கிற மாதிரி தெரியும். சத்தத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் முன்னாடியே மூடுங்க.

"வ"வுக்கு உதடு ரெண்டையும் ஒட்டாதீங்க, மேல்பல்லு கீழுதட்டுகிட்ட வரும். ழ, ள, ண எல்லாம் நாக்கு வேலை, தாடை ரொம்ப அசையாது. தாடையை எழுத்துக்கு எழுத்து ஆட்டினா ஆடு மெல்ற மாதிரி இருக்கும். ஒரு வாக்கியத்துக்கு அழுத்தம் விழுற மூணு நாலு இடத்துல மட்டும் தாடையை நல்லாத் திறங்க.

---

லயத்துப்பையன்

புது பிளாக்கிங் ஏத்தியிருக்கேன். இடுப்பு, குலை ரெண்டும் ஸ்ப்லைன், மத்தது போஸ். கம்பி 26ல குத்துது, குலை 33ல கிளம்புது, 52ல விடுபடுது, 60ல வண்டியில. மணிக்கட்டு இப்ப சுத்தல.

---

கர்வ்_கணக்கு

பார்த்தேன். 26–33 நல்லா இருக்கு, குலை மறுக்குது. 38ல இடது பாதம் ரெண்டு செ.மீ. வழுக்குது, பாதத்தோட ஐகேவுக்கு 24லயும் 60லயும் ஒரே இடத்துல கீ வெச்சு நடுவுல இருக்கிறதை அழிச்சிடுங்க. 60ல குலை மோதுது, ஆனா வண்டிக் கைப்பிடி 64 வரைக்கும் அசையல. 61ல அசையணும்.

---

பீடோர்_அக்கா

52ல குலை கம்பியை விட்டுப் போனதும் வலது தோள் அங்கயே நிக்குது. 20 கிலோ கையை விட்டுப் போயிருக்கு, தோள் 3 ஃப்ரேம்ல மேல வரணும், இடுப்பு இடது பக்கத்துலருந்து நடுவுக்குத் திரும்பணும். மத்ததை வகுப்புல கேளுங்க.